கோலம் விழும் தரை



பொங்கல் திருப்பலிக்கு ஆலயத்தின் உள்ளே வரும்போது ஒவ்வொருவரும் கொஞ்சம் ஒதுங்கித்தான் வந்தீர்கள், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நம் இளம்பெண்கள் நேற்று இரவு பனியில் குந்தி உட்கார்ந்து போட்ட கோலம் அது. 21 புள்ளியில் தொடங்கி 11-இல் முடியும் இடைப்புள்ளிக் கோலம். நடுவில் பானை, இரண்டு பக்கமும் கரும்பு, சுற்றிலும் மஞ்சளும் பச்சையும் ரோஸும். ஒரு பெரியவர் மட்டும் அதன் மேல் நேராக நடந்து வந்துவிட்டார். அவரை நாலைந்து பேர் முறைத்தார்கள். முறைக்க வேண்டாம். வருகிறவர் காலடி படத்தான் வாசலில் கோலம் போடுகிறோம். சிலர் வீட்டு வாசலில் இயேசுவின் முகத்தையே ரங்கோலியாக வரைகிறார்கள். பக்தி புரிகிறது. ஆனால் அதற்குப் பிறகு அந்த வாசலில் யாரும் கால் வைக்க முடியாது. பால்காரர் வேலிக்கு வெளியிலேயே நின்றுவிடுவார். ஆண்டவர் அதை விரும்புவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

மார்கழி பிறந்ததிலிருந்து ஒரு கேள்வி என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. “ஃபாதர், பக்கத்து குவார்ட்டர்ஸ்ல எல்லாரும் கலர்க் கோலம் போடறாங்க. பிள்ளைங்க ஆசைப்படுதுங்க. நாமளும் போடலாமா? சபைக்குப் போற எங்க நாத்தனார், அது அவங்க பண்டிகை, கூடவே கூடாதுங்கறாங்க.” என் பதில், போடலாம். தாராளமாகப் போடலாம். இந்த ஒற்றைச் சொல்லைத் திருச்சபை சொல்லி முடிக்க முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்பதையும், அந்த வழக்கின் முக்கியமான கட்டம் ஒன்று நம் மறைமாவட்டத்துப் புதுச்சேரியிலேயே நடந்தது என்பதையும் உங்கள் நாத்தனாரிடம் சொல்லுங்கள்.

1606-இல் மதுரைக்கு வந்த மறைபரப்பாளர் இராபர்ட் தெ நொபிலி பூணூலும் குடுமியும் சந்தனமும் விசுவாசத்துக்குத் தடையில்லை என்றார். எதிர்ப்பு கிளம்பியது; உரோமை வரை போனது. 1623-இல் பாப்பிறை 15-ஆம் கிரகோரி அவர் பக்கம் நின்றார். ஆனால் 1704-இல் பாப்பிறைத் தூதராகப் புதுச்சேரிக்கு வந்து தங்கியிருந்த தூர்னோன், 16 விதிகள் கொண்ட ஓர் ஆணையை அங்கேயே வெளியிட்டார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, திருமணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது, நெற்றியில் சாம்பல் கூடாது என்று வரிசையாகத் தடைகள். 1744-இல் பாப்பிறை 14-ஆம் பெனடிக்ட் அதை உறுதி செய்தார். நம் நாட்டுக்கு வந்த மறைபரப்பாளர் ஒவ்வொருவரும் இந்த வழக்கங்களை அனுமதிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அந்தச் சத்தியம் விலக்கப்பட்டது 1940-இல்தான். இங்கே இருக்கும் சில பெரியவர்கள் பிறந்த காலம்.

பிறகு காற்று மாறியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல், மற்றச் சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று அறிவித்தது. 1969-இல், இந்தியத் திருவழிபாட்டுக்கென 12 மாற்றங்களை உரோமை ஏற்றது. கைகூப்பி வணங்குவதும், ஆரத்தி எடுப்பதும், மெழுகுவத்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு ஏற்றுவதும் அப்படித்தான் நம் பீடத்துக்கு வந்தன. அதற்காக உழைத்த அருள்பணி அமலோர்பவதாஸ் வேற்றூர்க்காரர் அல்ல. அன்றைய தென்னார்க்காட்டுக் கல்லேரியில் பிறந்தவர். நம் மறைமாவட்டக் குரு. கர்தினால் லூர்துசாமியின் தம்பி. இந்த மண்ணில் போட்ட தடையை இந்த மண்ணின் மகன் ஒருவர் எடுத்துப் போட்டார் என்று எனக்குள் ஒரு சின்னப் பெருமை உண்டு.

கோலம் நமக்கு அந்நியமில்லை என்பதற்கு, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர்கள் கிப்ட் சிரோன்மணி, ராணி சிரோன்மணி தம்பதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1970-களில் அவர்களும் கமலா கிருதிவாசனும் கோலத்தைக் கணிதமாகப் பார்த்தார்கள். எந்தப் புள்ளிக்குப் பிறகு எந்த வளைவு, எந்த விதியைத் திரும்பத் திரும்பச் செய்தால் சின்னக் கோலம் பெரிதாகும் என்று இலக்கணம் எழுதினார்கள். கணினி அறிவியலில் படங்களுக்கு இலக்கணம் காணும் ஆராய்ச்சியில் அந்தக் கட்டுரைகளுக்கு இன்றும் இடமுண்டு. நாத்தனார் கேட்டால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சரி, போடலாம் என்று ஆகிவிட்டது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. எந்தத் தரையில் போடுகிறோம்?

இன்றைய முதல் வாசகம் இணைச்சட்ட நூல் 26-ஆம் அதிகாரம். அறுவடை முடிந்த ஓர் உழவர், முதல் விளைச்சலைக் கூடையில் எடுத்துக்கொண்டு ஆண்டவரின் இல்லத்துக்கு வருகிறார். குரு கூடையை வாங்கிப் பீடத்தின் முன் வைக்கிறார். அதோடு முடிந்துவிடவில்லை. அந்த உழவர் வாய் திறந்து ஒரு கதை சொல்ல வேண்டும். தன் மூதாதை ஊர் ஊராகத் திரிந்தவர், எகிப்தில் பிழைக்கப் போனவர், அங்கே அடிமைப்பட்டவர், பிறகு இந்த நிலம் கிடைத்தது என்று நிலத்தின் கதை முழுவதையும் சொல்ல வேண்டும். கூடை மட்டும் போதாது என்கிறது சட்டம். விளைச்சலோடு, அந்த நிலம் உன் கைக்கு எப்படி வந்தது என்பதையும் கொண்டு வா என்கிறது.

நாம் நம் கதையைச் சொல்வோம்.

நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு வயல் கிடையாது. தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் நெய்வேலிச் சுரங்க வேலைக்கு வந்தவர்களும், அவர்கள் பிள்ளைகளும் நாம். புத்தரிசி நமக்கு மெயின் பஜாரில் கிடைக்கிறது. மஞ்சள் கொத்தும் கரும்பும் மந்தாரக்குப்பத்தில் வாங்குகிறோம். அரிசி விளைவித்தவர் முகம் தெரியாது. ஆனால் நாம் கோலம் போடும் இந்தத் தரை ஒரு காலத்தில் யாரோ விதைத்த நிலம்.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் இங்கே தன் நிலத்தில் கிணறு தோண்டும்போது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ மேலே வந்தது. அதுதான் தொடக்கம். 1956 நவம்பர் 14-இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20-இல் பிரதமர் நேரு வந்து முதல் சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். மேல்மண்ணைத் தோண்டித் தோண்டி, பழுப்பு நிலக்கரிப் படுகை கண்ணுக்குத் தெரிய 1961 ஆகஸ்ட் ஆயிற்று. அடுத்த ஆண்டே சோவியத் உதவியோடு கட்டிய அனல் மின் நிலையத்தில் மின்சாரம் வந்தது. அந்த நாளில் வீட்டுக்கு வீடு இந்தப் பழுப்பு நிலக்கரியில் செய்த லெக்கோ கரி அடுப்பில்தான் பொங்கல் பொங்கியது என்று மூத்தவர்கள் சொல்வார்கள். இவற்றையெல்லாம் பெருமையாகச் சொல்கிறோம், சொல்லலாம். அந்தச் சம்பளம் நம் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. இந்த ஆலயத்துக்கு நீங்கள் கொடுக்கும் காணிக்கையும் அதிலிருந்துதான் வருகிறது.

கதையின் மற்றப் பாதியைத்தான் நாம் சொல்வதில்லை. சுரங்கமும் நகரியமும் வர, ஊர் ஊராக மக்கள் வீட்டையும் கொல்லையையும் காட்டையும் விட்டு எழுந்து போனார்கள். தானே பொங்கி வழிந்த ஊற்றுக் கிணறுகள் இருந்த பூமி இது. நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கத்தின் தரை வெடிக்காமல் நிற்கும் என்பது இங்கே வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும். அந்த நீரில் ஒரு பங்கு வாலாஜா ஏரிக்குப் போய்ப் பாசனமாகிறது. அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சுற்றியிருக்கும் ஊர்களில் கிணறு வற்றிய வீடுகளின் வாசலில் தெளிக்கத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்டதுண்டா?

இது பழங்கதையும் இல்லை. 2023 ஜூலையில் வளையமாதேவிப் பக்கம், சுரங்கத்துக்கென வெட்டும் பரவனாற்று வாய்க்காலுக்காகக் கதிர் வரவிருந்த நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கின. தொலைக்காட்சியில் பார்த்தீர்கள். நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே முறையாகக் கையகப்படுத்தியது, மழைக்கு முன் வாய்க்காலை முடித்தாக வேண்டும் என்பது நிறுவனம் சொன்ன நியாயம். அறுவடை வரை பொறுத்திருக்கக் கூடாதா என்று சென்னை உயர் நீதிமன்றம் வருந்தியது. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்கச் சொன்னது. நான் சட்டம் படித்தவன் அல்ல, யார் பக்கம் தீர்ப்புச் சொல்லவும் இங்கே நிற்கவில்லை. பால் பிடிக்கப் போகும் பயிர் சாய்வதைப் பார்த்து நெஞ்சு பதறிய உழவர்களுக்கும் அந்த ஆண்டு தை முதல் நாள் வந்தது. அவர்கள் வாசலில் என்ன கோலம் போட்டிருப்பார்கள் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

குற்றவுணர்ச்சியில் கோலத்தை அழித்துவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. விவிலியமும் அப்படிச் சொல்லவில்லை. லேவியர் நூல் 23-ஆம் அதிகாரத்தை வீட்டில் ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். அது திருவிழாக்களின் பட்டியல். பாஸ்கா, முதல் கதிர், அறுவடை விழா, எக்காள விழா என்று தேதியும் பலியும் சொல்லிக்கொண்டே போகும். அறுவடை விழாவுக்கும் எக்காள விழாவுக்கும் நடுவில், 22-ஆம் வசனத்தில், விழாவுக்குச் சம்பந்தமே இல்லாததுபோல ஒரு கட்டளை வந்து உட்கார்ந்திருக்கும். வயலின் ஓரம் வரை அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அதை ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிடு என்பது அதன் பொருள். விழாப் பட்டியலில் இதற்கு என்ன வேலை? விழாவின் ஒரு பகுதியே அது என்பதுதான் வேலை. ஓரம் விடாமல் அறுத்தவனுக்குத் திருவிழா இல்லை.

அப்படி ஒருவர் விட்ட ஓரத்தில்தான் ரூத்து கதிர் பொறுக்கினாள். மோவாபிலிருந்து பிழைக்க வந்த கைம்பெண். மொழி வேறு, தெய்வம் வேறு. போவாசின் வயலில் அந்த ஓரம் இல்லாமல் போயிருந்தால் தாவீதின் பாட்டன் பிறந்திருக்க மாட்டான். மத்தேயு எழுதிய ஆண்டவரின் தலைமுறை வரிசையில் அவள் பெயர் இருக்கிறது.

வயல் இல்லாத நமக்கு வயலோரம் எது? வாசல்தான் என்பேன். நம் வீட்டில் நமக்குப் பயன்படாத இடம் அது ஒன்றே. அங்கே சமைப்பதில்லை, தூங்குவதில்லை. முழுக்க முழுக்க வருகிறவருக்காகவும் போகிறவருக்காகவும் விடியலில் எழுந்து கூட்டி, தெளித்து, அழகு செய்கிறோம். நம் பாட்டிகள் அதிலும் ஒரு படி மேலே போனார்கள். பச்சரிசியை ஊற வைத்து, நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்து அந்த மாவில் கோலம் போட்டார்கள். எறும்புக்கும் குருவிக்கும் காலைப் பந்தி. இப்போது நாம் வாங்குவது வெள்ளைக் கல்லை அரைத்த பொடி. விரலிடுக்கில் அருமையாக இறங்கும், மறுக்கவில்லை. எறும்பு மட்டும் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. பாதிக்குப் பாதி அரிசி மாவைக் கலந்துகொண்டால் இழையும் நன்றாக வரும், எறும்புக்கும் ஏமாற்றம் இராது. கலருக்கு மஞ்சள்தூளும் செம்மண்ணும் எடுத்துக்கொள்ளலாம். செம்மண்ணுக்கு நெய்வேலியில் பஞ்சமா? கல்லுப்பில் சாயம் கலந்து ரங்கோலி நிரப்புகிறவர்கள் வாசலோரச் செடியைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. கோலம் பெண்களின் வேலை என்று எந்தத் திருச்சட்டத்திலும் இல்லை. நற்செய்தி நூல்களில் ஆண்டவர் எதையாவது எழுதினார் என்று ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது, யோவான் 8. குனிந்து, விரலால், தரையில். அதுவும் எல்லாரும் கல்லோடு சுற்றி நின்ற ஒரு பெண் தலைநிமிர்ந்து போவதற்காக. என்ன எழுதினார் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. நாளைக் காலை புள்ளி வைக்கவாவது நீங்கள் குனியலாம். 21 புள்ளி வரிசை கோணாமல் வைத்துப் பார்த்தால் வீட்டுக்காரம்மாவின் மீது தனி மரியாதை வரும்.

வாசல் என்று சொன்னதும் அந்தப் புதுச்சேரி ஆணை திரும்ப நினைவுக்கு வருகிறது. தாலியையும் தேங்காயையும் பற்றித் தூர்னோன் சொன்னது இருக்கட்டும். அந்த 16-இல் ஒரு விதி, தாழ்த்தப்பட்ட மக்களில் யாராவது நோயில் கிடந்தால் குருக்கள் அவர்கள் குடிசைக்குள்ளேயே போய் அருளடையாளம் கொடுக்க வேண்டும் என்றது. நூற்றுக்கு நூறு சரியான விதி. ஆனால் அதைத்தான் நிறைவேற்ற மனமில்லாமல், தயக்கங்களும் முறையீடுகளுமாக இழுத்து, கடைசியில் அந்த மக்களுக்கென்று தனிக் குருக்களை ஒதுக்கும் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். ஒருவருடைய வாசலை மிதிக்காமல் இருப்பதற்காகத் திருச்சபை பட்ட பாடு அது. நம் கல்லறைத் தோட்டங்களிலும் தேர்ப் பவனிப் பாதைகளிலும் அந்தத் தயக்கம் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை என்பது உங்களுக்கே தெரியும். இந்து வீட்டுப் பண்டிகையில் கலக்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள், எந்தக் கிறிஸ்தவர் வீட்டில் நாம் இதுவரை தண்ணீர் குடித்ததில்லை என்று தங்களையே கேட்டுக்கொள்வது நல்லது.

வழிகாட்டியைத் தேடித் தொலைதூரம் போக வேண்டாம். இதோ, வடலூர். பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலத்தை மனமுவந்து கொடுத்தார்கள். அங்கே 1867-இல் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றுவரை அணையவில்லை. வருகிறவர் சாதி என்ன, சமயம் என்ன என்று அந்த வாசலில் யாரும் கேட்பதில்லை. தைப்பூசத்துக்கு நம் ஊர் வழியாக நடந்து போகிறவர்களுக்கு நம் பங்கிலிருந்து மோரும் தண்ணீரும் கொடுக்கலாம் என்று பங்குப் பேரவையில் பேச்சு வந்தது. யோசனையாகவே நின்றுவிட வேண்டாம்.

நம் தெலுங்குக் குடும்பத்தார் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். பொங்கலுக்கு மறுநாள் வரும் கனுமாவன்று, அவர்கள் ஊரில் வாசலில் தேர்க் கோலம் போடுவார்கள். தேரிலிருந்து ஒரு வடத்தை மாவாலேயே இழுத்து, அடுத்த வீட்டுத் தேரோடு சேர்ப்பார்கள். அவர்கள் அதற்கடுத்த வீட்டோடு. தெரு முழுவதும் ஒரே வடம். நம் அன்பியக் குழுக்கள் இந்த ஆண்டு இதைச் செய்து பார்க்கட்டும். நகரியத்தில் வட்டம் வட்டமாகப் போட்டி வைத்து முதல் பரிசுக்கு மிக்ஸி கொடுத்து, மூன்று வாரம் நடுவர்களோடு சண்டை போட்டதைவிட இது மேல். ஒரே ஒரு நிபந்தனை. வடம் கிறிஸ்தவ வீடுகளைத் தேடித் தேடித் தாவக் கூடாது. பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் வீட்டுக்கே போக வேண்டும், அவர்கள் சம்மதத்தோடு.

வடம் நகரியத்தின் எல்லையில் நின்றுவிடும் என்பது எனக்கும் தெரியும். அதற்கு அப்பால்தான் ஒப்பந்தத் தொழிலாளர் குடியிருப்புகள். அதே சுரங்கம், அதே தூசி, வேறு சம்பளம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள் ஓர் அறைக்குப் பத்துப் பேர் தங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு இன்று விடுமுறை, போக்கிடம் இல்லை. நாளைக் காலை நம் தெருவில் கரும்புச் சக்கையையும் கலர்ப்பொடியையும் கூட்டி அள்ளப் போகும் துப்புரவுத் தொழிலாளிக்கும் இன்று பொங்கல்தான். அவருக்குப் பொங்கல் கொடுக்கிறோம், உண்மை. எந்தப் பாத்திரத்தில், எந்த வாசலில் நிறுத்தி என்பதை உங்கள் மனசாட்சிக்கே விடுகிறேன். இணைச்சட்ட நூலின் அந்த வாசகம், கூடை கொண்டு வந்தவர் உள்ளூரில் தங்கியிருக்கும் அந்நியரோடு சேர்ந்து மகிழ வேண்டும் என்று முடிவதைக் கவனித்திருப்பீர்கள். கொடுத்து அனுப்பச் சொல்லவில்லை. சேர்ந்து மகிழச் சொல்கிறது.

திருப்பலி முடிந்ததும் வெளியே ஐந்து பானை பொங்கல் இறக்குகிறோம். வின்சென்ட் தே பவுல் சபையாரோடு பேசிவிட்டேன். முதல் இரண்டு பானைகள் நேராக அந்தக் குடியிருப்புக்குப் போகின்றன. வண்டி தயாராக இருக்கிறது. கூடப் போகிறவர்கள் அங்கேயே உட்கார்ந்து அவர்களோடு சாப்பிட்டுவிட்டு வாருங்கள். இந்தி தெரிந்த பிள்ளைகள் கட்டாயம் போக வேண்டும். வாழையிலை பாடகர் குழு அறையில் இருக்கிறது. கோலப்பொடி மிச்சம் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள், அவர்கள் ஊர்க் கோலம் எப்படி என்று போட்டுக் காட்டச் சொல்லலாம்.

இப்போது மன்றாட்டுகளுக்காக எழுந்து நிற்போம். அச்சடித்த தாளில் முதல் மன்றாட்டு நம் நகரியக் குடும்பங்களுக்கானது. அதை இரண்டாவதாக வைத்துக்கொள்வோம். முதலில், இந்தத் தரை நம் கைக்கு வருவதற்கு முன் இதை உழுதவர்களுக்காகவும், அவர்கள் பிள்ளைகள் இன்று எந்த ஊரில் பொங்கல் வைக்கிறார்களோ அந்த வீடுகளுக்காகவும் மன்றாடுவோம்.